வாசகர் கேள்வி – பதில்: அடக்கப்படும் நாயகிகள்

கேள்வி: 1992 இல் வெளிவந்த 'மன்னன்' திரைப்படத்தை அண்மையில் மகளுடன் தொலைக்காட்சியில் பார்த்தேன். தொழிற்சாலையை நடத்திய நாயகி இறுதியில் இல்லத்தரசியாவதைக் கண்டு மகள் சினந்தாள். நானோ, "அது அந்தக் காலத்துப் படம்" என்றேன். பழைய படங்களை இன்றைய கண்ணோடு பார்த்துக் குறை சொல்வது முறையா?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: உங்கள் மகளின் பக்கமே நிற்கிறேன். குடும்பத்தைத் தன் சம்பளத்தில் தாங்கும் பெண்ணின் சலிப்பையும் கோபத்தையும் மறைக்காமல் காட்டிய 'அவள் ஒரு தொடர்கதை'யை 1974 இலேயே பாலச்சந்தர் தந்துவிட்டார். பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வந்த ஆணையே கேள்வி கேட்ட மஞ்சுவை, ருத்ரையாவின் 'அவள் அப்படித்தான்' 1978 இல் காட்டியது. ஆகவே அந்தக் காலத்துக்கும் வேறு விதமாகச் சிந்திக்கத் தெரிந்திருந்தது. செருக்குள்ள பணக்காரப் பெண்ணை நாயகன் அடக்கி நல்ல மனைவியாக்கும் கதைக்கு வசூல் இருந்தது, அவ்வளவுதான். அவளுக்கு அறை விழுந்தபோது எழுந்த கைதட்டலில் பெண்களின் கைகளும் இருந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். (1999 இல் 'படையப்பா' நீலாம்பரியைச் சாகடித்துப் பார்த்தது; இன்றும் பேசப்படுபவள் அவள்தான், அடக்கமான வசுந்தரா அல்ல.)

கதையைவிடக் கமரா செய்யும் வேலை நுட்பமானது. நாயகனின் அறிமுகமும் பெரும்பாலும் காலிலிருந்துதான் தொடங்கும். ஆனால் அங்கே சப்பாத்து தரையில் பதியும், புழுதி பறக்கும், அடியாட்கள் பின்வாங்குவார்கள். நாயகியின் கொலுசில் தொடங்கும் கமராவோ இடை, கழுத்து என்று ஊர்ந்து முகத்தை அடையவே நெடுநேரம் எடுக்கும். அதே ஊர்தலை எங்கள் ஊர்ச் சாமத்திய வீட்டு (பூப்புனித நீராட்டு விழா) வீடியோக்களில், பன்னிரண்டு பதின்மூன்று வயதுச் சிறுமியின் மீது, சினிமாப் பாட்டு ஒலிக்கக் காண்கிறோம். பெற்றோரே பணம் கொடுத்து எடுப்பிக்கிறார்கள். அதற்கு எந்தக் காலத்தைக் குறை சொல்வது?

கேள்வி: ஒரு படத்தில் பெண்களுக்கு உரிய இடம் உண்டா என்று அறிய எளிய வழி ஏதும் இருக்கிறதா?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: அமெரிக்கச் சித்திரக்கதைக் கலைஞர் அலிசன் பெக்டெலின் 1985 ஆம் ஆண்டுக் கதையொன்றில் ஒரு சோதனை வருகிறது: படத்தில் இரண்டு பெண்களாவது இருக்க வேண்டும், அவர்கள் தமக்குள் பேச வேண்டும், அப்பேச்சு ஆணைப் பற்றியதாக இருக்கக் கூடாது. மகனுக்காக நடக்கும் மாமியார் – மருமகள் சண்டை இதில் தேறாது. நல்ல படமும் இதில் தவறலாம், மோசமான படமும் தேறலாம் என்பதால், நாயகி தன் தொழிலைச் செய்யும் காட்சி ஒன்றேனும் உண்டா என்றும் பாருங்கள். டொக்டர் என்று அறிமுகப்படுத்துவார்கள். முதல் பாட்டுக்குப் பிறகு ஒரு நோயாளியையும் காணக் கிடைக்காது.