முதுகு தெரிகிறது, காரணம் தெரியவில்லை

கேள்வி: நீங்கள் இந்தப் பக்கத்தில் புகழ்ந்து தள்ளியதை நம்பி, அமெரிக்கப் பள்ளிக்கூடத் துப்பாக்கிச் சூட்டைப் பற்றிய 'எலிஃபெண்ட்' படம் பார்த்தேன். பிள்ளைகள் நடக்கிறார்கள், நடக்கிறார்கள், நடந்துகொண்டே இருக்கிறார்கள். அதிலும் முக்கால்வாசி நேரம் முதுகுதான் தெரிகிறது. ஏன் சுட்டார்கள் என்று கடைசிவரை சொல்லவில்லை. இதற்கு எப்படி பிரான்சின் கான் திரைப்பட விழா விருது? ப்ளஸ் ஒன் படிக்கும் என் மகனுக்குக் காட்டலாமா?
(ஒரு வாசகர், தஞ்சாவூர்)

பதில்: முதுகில் என்ன குறை கண்டீர்கள்?

நம் சினிமாவில் முதுகுக்கு ஒரே வேலைதான். கதாநாயகன் வரும்போது முதலில் செருப்பு, அப்புறம் கைக்காப்பு, அப்புறம் முதுகு. முதுகு திரும்பும், முடி பறக்கும், எங்கிருந்தோ காகிதத் துண்டுகளும் பறக்கும், தியேட்டரில் விசில். திரும்பாத முதுகு என்றால் அது அடியாளுடையது. அவனும் உதை விழுந்தால் திரும்பிவிடுவான். இப்படிப் பழகிய கண்ணுக்கு, 81 நிமிஷப் படத்தில் முதுகுகள் தம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தால் கோபம் வரத்தான் செய்யும். விசிலை வாயில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் காத்திருப்பது!

இந்த முதுகுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1989இல் பிபிசிக்காக ஆலன் கிளார்க் என்ற பிரிட்டிஷ் இயக்குநர் இதே பெயரில் ஒரு குறும்படம் எடுத்தார். வட அயர்லாந்தில் அரசியல், மதப் பகையில் நடந்த கொலைகளைப் பற்றியது. வசனம் கிட்டத்தட்டக் கிடையாது. ஒருவன் நடந்து போவான், கேமரா பின்னாலேயே போகும், சுடுவான், திரும்பி நடப்பான். அடுத்து இன்னொருவன். இப்படிப் பதினெட்டுக் கொலைகள். யார் எந்தக் கட்சி, என்ன பகை, ஒன்றும் சொல்லப்படாது. நீங்கள் பார்த்த படத்தின் இயக்குநர் கஸ் வான் சான்ட் 2003இல் தலைப்பையும் நடையையும் அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டார். தலைப்பை மட்டும், கண்ணில்லாதவர்கள் யானையைத் தடவிய கதை என்று நினைத்துக்கொண்டாராம். கிளார்க் மனத்திலிருந்தது வேறு யானை. நடுவீட்டில் நின்றாலும் யாரும் வாய்திறந்து பேசாத யானை. புரிந்துகொண்டது தப்பு, படத்துக்கு அதுவே சரியாகப் பொருந்திவிட்டது.

இடம் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட். மூடப்பட்ட ஒரு பள்ளிக்கூடம். நடித்தவர்களில் பெரும்பாலோர் அந்த ஊர்ப் பிள்ளைகள், பலர் சொந்தப் பெயரிலேயே வருகிறார்கள், வசனத்தையும் தாங்களே உருவாக்கிப் பேசினார்கள். இங்கே என் பழைய புலம்பலைச் சேர்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது: பள்ளி மாணவன் வேஷத்துக்குப் பள்ளி மாணவனைப் போடுங்கள் ஐயா! தாடியை மழித்துவிட்டால் முப்பத்தைந்து வயசு ப்ளஸ் டூ ஆகிவிடுமா? அந்த நெற்றி மேட்டைப் பார்த்தால் பெற்றோர் ஆசிரியர் கூட்டத்துக்கு வந்தவர் மாதிரி இருக்கிறது. கூடவே ஒரு கோமாளித் தமிழாசிரியரையும் கட்டாயம் வைத்துவிடுகிறார்கள். தமிழ் வாத்தியார் என்றால் ஏன் எப்போதும் சிரிப்பு வாத்தியார்? இதைப் பற்றி எழுதி எழுதி இந்தப் பத்திரிகையின் காகிதம்தான் வீணாகிறது.

சரி, முதுகுக்கு வருவோம். ஒருவன் சிவப்பு மேலங்கி போட்டு நடக்கிறான். அதில் வெள்ளைச் சிலுவையும் 'லைஃப்கார்ட்' என்ற எழுத்தும். உயிர்காப்பவன் என்று எழுதிய சட்டைக்குப் பின்னால் கேமரா போகிறது, இன்று அங்கே எந்த உயிரையும் யாரும் காக்கப்போவதில்லை என்று நமக்குத் தெரியும். இதை எந்த முகத்தை வைத்துக் காட்டுவீர்கள்?

இன்னொன்று. தாழ்வாரத்தில் எலியாஸ் என்ற பையன் நண்பன் ஜானைப் புகைப்படம் எடுக்கிறான். ஒரு பெண் குறுக்கே ஓடிப் போகிறாள். இதே காட்சி மூன்று தடவை வருகிறது. முதல் இரண்டு தடவை அவள் யாரோ ஒருத்தி. மூன்றாவது தடவை கேமரா அவளோடு போகிறது. அவள் மிஷெல். விளையாட்டு வகுப்பில் அரைக்கால் சட்டை போடக் கூச்சப்பட்டு டீச்சரிடம் திட்டு வாங்கியவள். நூலகத்துக்குப் புத்தகம் அடுக்க ஓடுகிறாள். அங்கேதான் முதல் குண்டு. நீங்கள் 'நடந்துகொண்டே இருக்கிறார்கள்' என்று அலுத்துக்கொண்ட நேரமெல்லாம் இதற்காகச் செலவழித்தது.

ஏன் சுட்டார்கள்? படத்துக்குத் தூண்டுதலான நிஜச் சம்பவத்தைப் பாருங்கள். 1999 ஏப்ரல் 20, கொலராடோவில் கொலம்பைன் பள்ளியில் இரண்டு மாணவர்கள் பதின்மூன்று பேரைச் சுட்டுக் கொன்று தாங்களும் செத்தார்கள். காரணத்துக்கா பஞ்சம்? 'டூம்' வீடியோ கேம் காரணம் என்றார்கள். மர்லின் மேன்சன் என்ற ராக் பாடகரின் பாட்டு என்றார்கள். கறுப்பு நீள அங்கி என்றார்கள். அன்று காலை இருவரும் பந்து உருட்டி விளையாடினார்களாமே, அதையும் சொல்லுங்களேன் என்று மைக்கேல் மூர் தன் ஆவணப்படத்துக்கே 'பவுலிங் ஃபார் கொலம்பைன்' என்று பெயர் வைத்துக் கிண்டலடித்தார். வான் சான்ட் இந்தச் சாமான்களை எல்லாம் வரிசையாகக் காட்டுகிறார். வகுப்பில் சீண்டல் இருக்கிறது, சுடும் விளையாட்டு இருக்கிறது, தபாலில் வீடு தேடி வரும் துப்பாக்கி இருக்கிறது. சுடப்போகும் பையன்களில் ஒருவன் பியானோவில் அழகாக பீத்தோவன் வேறு வாசிக்கிறான். பீத்தோவனைத் தடை செய்வோமா? எதையும் அவர் காரணமாக்கவில்லை. நமக்குத்தான் ஒரு ஃப்ளாஷ்பேக் வேண்டும். சின்ன வயதில் சித்தி சூடு வைத்தாள் என்று ஒரு காட்சி வந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்.

குறையே இல்லையா என்றால், உண்டு. கொலைகாரப் பையன்கள் டிவியில் ஹிட்லர் படம் பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. மூன்று பெண்கள் சாப்பிட்டதும் போய் ஒன்றாக வாந்தி எடுப்பது ஏதோ நாடகப் போட்டி நகைச்சுவை. கான் விழாவிலேயே அமெரிக்க விமர்சகர்கள் சிலர் வறுத்தெடுத்தார்கள். நடுவர் குழு, அதன் தலைவர் பத்ரிஸ் ஷெரோ, விழாவின் முதல் பரிசான தங்கப் பனை ஓலையோடு சிறந்த இயக்குநர் விருதையும் கொடுத்தது. இரண்டையும் ஒரே படத்துக்குக் கொடுப்பது அங்கே வழக்கமில்லை. இரண்டாவது கொஞ்சம் அதிகம்தான்.

மகனுக்குக் காட்டலாம். அமெரிக்காவில் இதற்கு 'ஆர்' சான்றிதழ், பதினேழு வயதுக்குக் கீழே என்றால் பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். நீங்களும் உட்காருங்கள். படம் முடிந்ததும், "பார்த்தியா, இதுக்குத்தான் செல்போனை நோண்டாதேங்கிறேன்" என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள்.