கேமரா வாங்குவதற்கு முன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

திருமங்கலத்தில் வசிக்கிறேன். ஐம்பது வயதை நெருங்கும்போது புகைப்படக்கலையில் ஆர்வம் வந்திருக்கிறது. எல்லோர் கையிலும் செல்பேசி இருக்கும் காலத்தில் இதைத் தனியாகக் கற்பதில் பொருள் உண்டா? கற்பதென்றால் விலை உயர்ந்த கேமரா வாங்கியாக வேண்டுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பொருள் உண்டு. கேமரா இப்போதைக்கு வேண்டாம். செல்பேசி நமக்காகப் பல முடிவுகளைத் தானே எடுத்துவிடுகிறது; அவற்றை ஒவ்வொன்றாக நம் கைக்குக் கொண்டுவருவதையே நான் புகைப்படம் கற்பது என்கிறேன்.

வெளிச்சத்திலிருந்து தொடங்குங்கள். காட்சி சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறத்தில் இருக்கும் என்ற கணக்கில்தான் கேமரா பெரும்பாலும் ஒளியை அளக்கிறது. அதனால் திருமலை நாயக்கர் மகாலின் வெளிர்நிறச் சுதைத் தூண்கள் திரை முழுவதும் நிறையும்படி எடுத்தால் அவை அழுக்கேறியதுபோல மங்கிவிடும். வைகைக்குள் மேயும் எருமையை நெருங்கி எடுத்தால் அதன் கருமை வெளுத்துப்போகும். திரையில் தூணைத் தொட்டால் பல செல்பேசிகளில் சிறிய சூரியக் குறி தோன்றும். அதை விரலால் மேலே நகர்த்துங்கள், சுதையின் வெண்மை மீளும். எருமைக்குக் கீழே நகர்த்த வேண்டும். அடுத்து எச்.டி.ஆர். வசதியை நிறுத்திவிட்டு அதே மகாலை எடுத்துப் பாருங்கள். முற்றத்து வெயிலையும் தாழ்வாரத்து நிழலையும் அந்த வசதி சமப்படுத்திவிடுகிறது. ஆனால் அந்தத் தூண்களுக்குப் பருமன் தருவதே நிழலின் ஆழம்தான் என்பது என் கருத்து.

1858இல் மதுரையைப் படமெடுத்த பிரிட்டிஷ் புகைப்படக்காரர் லினியஸ் டிரைப் காகித நெகட்டிவ்களை, அதாவது ஒளியும் இருளும் தலைகீழாகப் பதியும் காகிதத் தாள்களை, பயன்படுத்தினார். அக்காலத்து ரசாயனப் பூச்சு நீல ஒளியை அளவுக்கு மீறி வாங்கிக்கொண்டதால் வானம் வெற்று வெளுப்பாகவே பதிந்தது. அவர் அதை அப்படியே ஏற்கவில்லை. தம் நெகட்டிவ்களில் மேகங்களைக் கையாலேயே தீட்டினார். அது சரியா என்று விவாதிக்கலாம். ஆனால் கருவி கொடுத்ததோடு நின்றுவிடாத அந்தப் பிடிவாதம் எனக்கு மிகவும் பிடிக்கும், உங்களுக்கும் அது வாய்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

செல்பேசியால் முடியாதது என்ன என்று நீங்களே கண்டுகொள்ளும் நாளில் கேமரா வாங்கலாம். அரிட்டாபட்டிக் குன்றுகளின் மேல் வட்டமிடும் வல்லூறு செல்பேசியில் புள்ளியாகவே விழும். பெரிதாக்கினால் புள்ளிதான் கலங்கும். அதற்குத் தொலைவு லென்ஸ் தேவை. அப்போதும் லென்ஸை மாற்றிப் பொருத்தக்கூடிய பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமரா ஒன்றே போதும். வாங்கும்போது ஷட்டர் (படமெடுக்கையில் திறந்து மூடி ஒளியை உள்ளே விடும் திரை) எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று கேளுங்கள், லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்