இரண்டு கடிகாரம் ஏன் ஒத்துப்போவதில்லை? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ஆர்டுயினோ ஊனோ என்ற குட்டிக் கணினி போர்டு இரண்டில் ஒரே புரோகிராமை ஏற்றி ஒரே சுவிட்சில் ஆன் செய்தேன். எல்இடி இரண்டும் சேர்ந்துதான் மினுக்கின. கொஞ்ச நேரத்தில் ஒன்று முந்திவிட்டது. போர்டு பழுதா?

பதில்: பழுதில்லை தம்பி. ஒரிஜினல் ஊனோ ஆர்3 போர்டில் பளபளவென்று தெரியும் கிரிஸ்டல் (சீராக அதிர்ந்து நேரத்துடிப்பு தரும் குவார்ட்ஸ் துண்டு) யுஎஸ்பி சிப்புக்கானது. உங்கள் புரோகிராம் ஓடும் சிப்புக்கு இருப்பது அதே வேலையைச் செய்யும், துல்லியம் குறைந்த செராமிக் ரெசனேட்டர். அதில் அரை சதவீதம் வரை பிசகலாம். மணிக்கு 18 வினாடி! 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) பிசகும் குவார்ட்ஸ் என்றால் நாளைக்கு 1.7 வினாடிதான். ஆனாலும் பிசகும். ஒரே பேட்சில் வந்த இரண்டு கிரிஸ்டல்கூட அச்சு அசலாக ஒரே வேகத்தில் துடிக்காது.

கேள்வி: மொட்டைமாடி மோட்டார் டைமரில் டிஎஸ்1307 என்ற கடிகாரச் சிப் இருக்கிறது. வெயில் காலத்தில் பின்தங்குகிறது சார். குளிரில் முந்துமா?

பதில்: முந்தாது, அப்போதும் பின்தங்கும். அந்தச் சிப்போடு இருக்கும் கிரிஸ்டல் ஒரு குட்டி இசைக்கவை. வினாடிக்கு 32,768 முறை அதிரும். அதை 15 தடவை பாதியாக்கினால் வினாடிக்கு ஒரு துடிப்பு. 25 டிகிரியை ஒட்டித்தான் அதன் உச்ச வேகம். 45 டிகிரியில் 20 டிகிரி விலகல். விலகலின் வர்க்கத்தை இவ்வகைக் கிரிஸ்டலுக்கான 0.034 என்ற எண்ணால் பெருக்கி, 20 × 20 × 0.034 என்று போட்டால் 13.6 பிபிஎம், நாளைக்கு 1.2 வினாடி இழப்பு. டிஎஸ்3231 சிப்புக்கு மாற்றுங்கள். அது வெப்பத்தை அளந்து தானே திருத்திக்கொள்ளும்.

கேள்வி: இரண்டு ஆசிலேட்டரை (துடிப்பு தரும் சர்க்யூட்டை) பக்கத்தில் வைத்தால் தானாக ஒத்துப்போகுமா?

பதில்: வேகம் மிக நெருக்கமாக இருந்து, நடுவே ஏதாவது பிணைப்பும் இருந்தால் போகும். 1665-இல் ஊசல் கடிகாரத்தை உருவாக்கிய டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் ஒரே தாங்கியில் தொங்கிய இரண்டு ஊசல் கடிகாரங்களில் இதைக் கவனித்தார். ஊசல்கள் எதிரெதிர்த் திசையில் சேர்ந்தாடின. சர்க்யூட்டில் அதை நம்பி இருக்க முடியாது, பிஎல்எல் (ஒரு துடிப்பை இன்னொன்றோடு பூட்டிவைக்கும் சர்க்யூட்) போடுங்கள். அது இரண்டு துடிப்புக்கும் உள்ள இடைவெளியை அளந்து, தன் ஆசிலேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே இருக்கும்.

கேள்வி: நெட்டில் நேரம் வருவதற்கே தாமதமாகுமே, கணினிக் கடிகாரத்தை நெட் வழியே சரிசெய்யும் என்டிபி எப்படிச் சரியாகச் சொல்கிறது?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. நான்கு நேரக்குறிப்புகள் போதும். உங்கள் கணினி தன் கணக்கில் 0 மில்லிவினாடியில் கேட்கிறது. சர்வர் தன் கணக்கில் 130-இல் வாங்கி 140-இல் பதில் அனுப்புகிறது. உங்களுக்கு அது 70-இல் வந்து சேர்கிறது. மொத்தம் 70, சர்வரில் கழிந்தது 10, ஆக பயணம் 60, ஒரு வழிக்கு 30. அப்படியானால் 140-இல் கிளம்பிய பதில் 170-இல் சேர்ந்திருக்க வேண்டும். உங்கள் கடிகாரம் 70 காட்டியது. 100 மில்லிவினாடி பின்தங்கியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். போக ஒரு நேரம், வர ஒரு நேரம் ஆனால் மட்டும் இந்தக் கணக்கு ஏமாறும்.

கேள்வி: சரி, பிசகு தெரிந்ததும் ஒரேயடியாக மாற்றிவிடலாமா?

பதில்: ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் வேண்டவே வேண்டாம். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் நடுப்பகலில் நேரத்தை மூன்று வினாடி பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். ஆர்டருக்கு முன்பே பில் போட்டதாக லாக்கில் பதிவாகி, அதைச் சரிபார்ப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. குரோனி என்ற என்டிபி மென்பொருளைப் போட்டு, கடிகாரத்தின் வேகத்தைச் சற்றே கூட்டியோ குறைத்தோ கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்யுங்கள். மைக்ரோவினாடி துல்லியம் தேவையென்றால் ஜிபிஎஸ் ரிசீவரில் வினாடிக்கு ஒரு துடிப்பு தரும் பிபிஎஸ் பின்னை இணையுங்கள். வானம் தெரியும் இடத்தில் ஆன்டெனா இருக்கட்டும்.