நாலு தலை, ஒரு சோபா

அன்புள்ள ஐயா,

போன வாரம் நியூயார்க் ஆர்ச்சர்ட் தெருவில் இருக்கும் டெனமென்ட் மியூசியத்துக்குப் போயிருந்தோம். வெளிநாடுகளிலிருந்து குடியேறியவர்கள் வாழ்ந்த பழைய வாடகைக் குடியிருப்பு அது. ரொகர்ஷெவ்ஸ்கி என்ற யூதக் குடும்பம் வாழ்ந்த வீட்டைக் காட்டினார்கள். வெளியே வந்ததும் என் ஒன்பது வயது மகன், "அந்த அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னா டாக்டர்கிட்ட யாரும்மா பேசியிருப்பாங்க?" என்றான். என் மாமியார் வந்திருக்கும்போது, பகலில் யாராவது கதவைத் தட்டினால் அவருக்காகப் பேசுவது இவன்தான். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. "விசா வாங்கி விமானத்தில் வந்த நாம் எங்கே, அவர்கள் எங்கே" என்கிறார் கணவர். என் அழுகை அதிகப்படியா?

வா., நியூஜெர்சி

அன்புள்ள வா.,

உங்கள் கணவர் சொல்வது பாதி சரி. 1881இல் ருஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டர் கொல்லப்பட்ட பிறகு யூதர்கள் மீது கலவரக் கும்பல்கள் பாய்ந்தன. வறுமையும் சேர்ந்துகொள்ள, முதல் உலகப்போருக்குள் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஏறக்குறைய 20 லட்சம் யூதர்கள் அமெரிக்கா வந்தார்கள். அதே காலத்தில் வந்த இத்தாலியர்களில் பலர் நாலு காசு சேர்த்ததும் ஊர் திரும்பினார்கள். யூதர்களில் திரும்பியவர்கள் மிகக் குறைவு. போவதற்கு ஊர் இருந்தால்தானே? அதனால்தான் பிள்ளைகுட்டிகளோடு வந்தார்கள். வந்தவர்களில் சுமார் நாலில் ஒருவர் 14 வயதுக்குட்பட்ட குழந்தை. நம் பயணத்தை அதற்குப் பக்கத்தில் வைக்க முடியாது.

அந்த வீட்டில் நானும் நின்றிருக்கிறேன். மூன்று அறை, மொத்தமே 325 சதுர அடி. அப்பா, அம்மா, ஆறு பிள்ளைகள். பையன்கள் நாலு பேரும் தலையைச் சோபாவில் வைத்து, உடம்பை நாற்காலிகளில் நீட்டி வரிசையாகப் படுப்பார்களாம். அந்தச் சோபாவைக் கண்ணால் அளந்துகொண்டே நின்றேன். நாலு தலை. அப்பா ஆபிரகாம் 1918இல் காசநோயில் போய்விட்டார். அப்புறம் அம்மா ஃபேனி அந்தக் கட்டிடத்தையே கூட்டித் துடைத்துப் பராமரிக்கும் வேலையை எடுத்துக்கொண்டு, வாடகைக்கு வழி செய்தார்.

மகனிடம் சொல்லுங்கள்: அந்தப் பேட்டையில் டாக்டரும் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யித்திஷ் பேசியிருப்பார், மளிகைக்காரரும் பேசியிருப்பார். இங்கிலீஷ் அவர்களை மறித்து நின்ற இடம் பள்ளிக்கூடம். மொழி தெரியவில்லை என்று 12 வயதுப் பிள்ளையை 6 வயதுக் குழந்தைகளோடு உட்கார வைத்த காலம் அது. பிள்ளைகள் சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள். கற்றுக்கொண்டதும் அம்மா தெருவில் உரக்க யித்திஷ் பேசினால் பலருக்குக் கூச்சமாக இருந்தது.

இதே ஊரில் ஃபார்வர்ட்ஸ் என்ற யித்திஷ் நாளிதழ் வந்தது. 1903இல் ஒரு தந்தை அதற்குக் கடிதம் எழுதினார். பையன்கள் பேஸ்பால் என்று பைத்தியமாக அலைகிறார்கள், சதுரங்கம் ஆடினாலாவது அர்த்தமுண்டு என்று. ஆசிரியர் ஆபிரகாம் கஹான், தானும் கப்பலேறி வந்தவர், ஆடவிடுங்கள் என்று பதில் எழுதினார். படிப்பு கெடாமல் இருந்தால் போதும், பிறந்த மண்ணிலேயே பிள்ளைகளை அந்நியர்களாக வளர்க்க வேண்டாம் என்றார். கஹான் சொன்னது சரிதான். ஆனாலும் என் மனது அந்தத் தந்தையிடம்தான் போகிறது. மகன் எதற்காக அப்படித் துள்ளுகிறான் என்பது அவருக்குப் புரியவே இல்லை. அதைக் கேட்க அவருக்கு இருந்தது ஒரு பத்திரிகை ஆசிரியர்.

நீங்கள் அழுதது அந்த இடத்துக்காகத்தான் என்று நினைக்கிறேன், அதில் அதிகப்படி எதுவும் இல்லை. கப்பலில் வந்தாலும் விமானத்தில் வந்தாலும், வீட்டுக்கும் வெளியுலகுக்கும் நடுவில் ஒரு குழந்தை வாசலில் நின்று பேசவேண்டியிருக்கிறது. உங்கள் மகன் அதைக் கூச்சப்படாமல் செய்கிறான். யாரோ ஒரு அம்மாவுக்காகக் கவலையும் படுகிறான்.

மாமியார் அடுத்த முறை வரும்போது அவரையும் ஆர்ச்சர்ட் தெருவுக்கு அழைத்துப் போங்கள். வழிகாட்டி சொல்வதை அவனே பாட்டிக்குத் தமிழில் சொல்லட்டும். திணறினால் நீங்கள் எடுத்துக்கொடுக்காதீர்கள், பாட்டி எடுத்துக்கொடுப்பார்.