முல்லோயாவும் வாக்காளர் பட்டியலும்

அன்புள்ள ஐயா,

இலங்கையின் ட்ரொட்ஸ்கிய இடதுசாரிக் கட்சியான லங்கா சமசமாஜக் கட்சி பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். நாடாளுமன்றத்தில் முக்கிய எதிர்க்கட்சியாக இருந்த கட்சி 1977 தேர்தலில் ஓர் இடம்கூடப் பெறவில்லையாமே? ட்ரொட்ஸ்கியா ஸ்டாலினா என்று சண்டை போட்டே அழிந்தார்கள் என்கிறார் என் தொழிற்சங்க நண்பர். அதுதான் காரணமா?

ம., திருச்சி

அன்புள்ள ம.,

சண்டை போட்டார்கள், மறுக்கவில்லை. 1940இல் ஸ்டாலின் பக்கம் நின்றவர்களை வெளியேற்றினார்கள். அப்புறம் மிச்சம் இருந்தவர்களும் இரண்டாக உடைந்தார்கள். ஆனால் கட்சி வளர்ந்ததும் அதே காலத்தில்தான். 1936இல் சட்டசபைக்குப் போனவர்கள் பிலிப் குணவர்தன, என். எம். பெரேரா என்று இரண்டே பேர். 1947இல் சமசமாஜிகளுக்கு 10 இடம், பிரிந்து நின்ற போல்ஷெவிக் லெனினிஸ்டுகளுக்கு 5, கம்யூனிஸ்டுகளுக்கு 3. தேர்தல் நடந்த 95 இடங்களில் இடதுசாரிகள் 18 பேர். சண்டையால் அழிகிற கட்சி இப்படி வளராது.

எனக்கு வாக்காளர் பட்டியல்மேல்தான் சந்தேகம்.

1940 ஜனவரியில் இலங்கை மலையகத்தில் முல்லோயா என்ற தேயிலைத் தோட்டத்தில் வேலைநிறுத்தம். போலீஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். விசாரணைக் குழு அமைந்தபோது அவருடைய மனைவிக்காக வாதாடியவர் கட்சித் தலைவர்களில் ஒருவரான கொல்வின் ஆர். டி சில்வா. லண்டனில் டாக்டர் பட்டம் வாங்கிய கொழும்பு வக்கீல், ஒரு தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்ணுக்காகப் போலீஸைக் குறுக்கு விசாரணை செய்கிறார். அன்றைய இலங்கையில் இது சின்ன விஷயம் இல்லை.

இந்திய வம்சாவளித் தமிழர்களான தோட்டத்து மக்களுக்கு 1947இல் ஓட்டு இருந்தது. தங்கள் ஆட்கள் நிற்காத இடங்களில் பலர் இடதுசாரிகளுக்குப் போட்டார்கள். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது, 1949இல் ஓட்டும் போயிற்று. சமசமாஜிகள் நாடாளுமன்றத்தில் எதிர்த்தார்கள், அதை மறக்கக் கூடாது. ஆனால் நாட்டின் மிகப் பெரிய தொழிலாளர் கூட்டம் பட்டியலில் இல்லாமல் போனபிறகு, தேர்தலில் நிற்கும் தொழிலாளர் கட்சி யாரிடம் ஓட்டுக் கேட்கும்? இருப்பவர்களிடம்தான். அவர்களில் பெரும்பாலோர் சிங்களக் கிராமத்தார்.

இது ஒரே நாளில் நடக்கவில்லை. 1953இல் அரிசி விலையை ஏற்றியபோது ஆகஸ்ட் 12 ஹர்த்தாலில் நாடே நின்றது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பலில் கூடியது! 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோதுகூட, 'இரு மொழி என்றால் ஒரு நாடு, ஒரு மொழி என்றால் இரு நாடு' என்று எச்சரித்தவர் அதே கொல்வின்தான். 1960 மார்ச்சில் ஆட்சியையே பிடிக்கும் கனவில் நூறு தொகுதிகளுக்குமேல் நின்றார்கள். கிடைத்தது 10. அங்கேதான் முதுகெலும்பு வளைந்தது என்று நினைக்கிறேன்.

1964 ஜூனில் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசில் சேர்ந்தார்கள். என். எம். நிதியமைச்சர். அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம்: தோட்டத்து மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை, மீதி 1,50,000 பேர் பிறகு. அந்த மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1966 ஜனவரியில், அரசு நிர்வாகத்தில் தமிழுக்கு இடம் தந்த தமிழ்மொழி ஒழுங்குவிதிகளை எதிர்த்து நடந்த ஊர்வலத்திலும் இவர்கள் இருந்தார்கள்.

1970இல் மறுபடி கூட்டணி ஆட்சி. கொல்வினுக்கு இரண்டு பொறுப்பு: தோட்டத்தொழில், அரசியலமைப்பு. 1972 அரசியலமைப்பில் சிங்களம் ஆட்சிமொழி, பௌத்தத்துக்கு முதன்மை இடம். பாரபட்சமான சட்டங்களுக்குத் தடை போட்டுச் சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த, பழைய அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு காணாமல் போயிற்று. (அந்தப் பிரிவு மலையகத்தாரைக் காப்பாற்றவில்லை என்பது வேறு கதை.) கோவிந்தன் மனைவியின் வக்கீல்தான் இதைச் செய்தார் என்பதை நான் இன்றுவரை ஜீரணிக்க முடியாமல் இருக்கிறேன்.

சரி, பலன்? 1975இல் கூட்டணியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். 1977இல் நீங்கள் படித்தபடி பூஜ்யம். அதே தேர்தலில் நுவரெலியா–மஸ்கெலியாவில் தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான் ஜெயித்தார். முப்பது வருடத்துக்குப் பிறகு தோட்டத்து மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய முதல் ஆள்.