வீட்டு மாடியில் காற்றாலை பூட்டலாமா?

பருத்தித்துறை, தும்பளையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார்: "கடலுக்கும் எங்கள் வீட்டுக்கும் இடையில் இருநூறு மீற்றர்கூட இல்லை. சோளகம் அடிக்கிற காலத்தில் யன்னலைத் திறந்து வைக்க முடியாது. கனடாவில் இருக்கிற மகன் ஒரு கிலோவாற் காற்றாலை ஒன்றை இணையத்தில் பார்த்திருக்கிறான். குறுக்களவு இரண்டு மீற்றர்தான், மேல் மாடியிலேயே பூட்டலாமாம், இரவிலும் ஓடுமாம். வாங்கி அனுப்பட்டா என்று கேட்கிறான். சரிவருமா? இன்னொன்று, பளைப் பக்கம் பஸ்ஸில் போகும்போது காற்று நன்றாக வீசும், ஆனால் பெரிய காற்றாலைகளில் சில சும்மா நிற்கும். அது ஏன்?"

ரீச்சர், இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். காற்று மின்சாரத்தில் எனக்கு நம்பிக்கை இல்லாமல் இதைச் சொல்லவில்லை. நிறைய நம்பிக்கை இருக்கிறது. மாடியில் பூட்டுவதில்தான் நம்பிக்கை இல்லை.

ஒரு காற்றாலையின் வேலை எளிது. இறக்கையின் வடிவம் விமானச் சிறகைப் போன்றது. காற்று அதன் இரு பக்கமும் வேறு வேறு வேகத்தில் ஓடும்போது இறக்கை ஒரு பக்கம் இழுபடும், அந்த இழுவையில் அச்சு சுழலும். அச்சோடு சேர்ந்து காந்தங்கள் செப்புக்கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில் சுழன்றால் கம்பியில் மின்சாரம் பிறக்கும். சைக்கிள் டைனமோவிலும் நடப்பது இதுதான். பெரிய காற்றாலையில் இறக்கைகள் மெதுவாகத்தான் சுற்றும். பலவற்றில் அந்த மெதுவான சுற்றைக் கியர்ப்பெட்டி கூட்டிக் கொடுக்கும். வீசுகிற காற்றின் சக்தி முழுவதையும் எடுக்கவும் முடியாது. எடுத்துவிட்டால் காற்று இறக்கைக்குப் பின்னால் அப்படியே நின்றுவிடும், அடுத்த காற்று வர வழியிருக்காது. எவ்வளவு திறமாகச் செய்தாலும் 59.3 சதவீதத்துக்கு மேல் போகாது என்பது கணக்கு. வீட்டுக்கு வாங்கும் சின்னக் காற்றாலை அதில் பாதி கொடுத்தாலே நல்லது.

விஷயம் இருப்பது வேகத்தில். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலிருக்கும் சக்தி இரண்டு மடங்காகாது, எட்டு மடங்காகும். மகன் பார்த்த இரண்டு மீற்றர்க் காற்றாலையையே எடுப்போம். செக்கனுக்கு 12 மீற்றர் வேகத்தில் காற்று அடித்தால் அது ஏறத்தாழ அந்த ஒரு கிலோவாற்றைத் தரும். 8 மீற்றரில் 280 வாற் அளவு. 4 மீற்றரில், அதாவது முற்றத்து மரத்தில் இலையும் சிறு கொப்பும் ஆடுகிற காற்றில், முப்பது முப்பத்தைந்து வாற்தான் வரும். மூன்று எல்இடி குமிழ் எரிக்கலாம். பெட்டியில் "ஒரு கிலோவாற்" என்று போட்டிருப்பது பொய்யில்லை. ஆனால் அது 12 மீற்றர்க் காற்றுக்கான எண், தும்பளையில் உங்கள் மாடிக்கு வருகிற காற்றுக்கான எண் இல்லை.

கடல் பக்கத்தில் இருக்கிறதே என்பீர்கள். உங்கள் கடல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். தும்பளைக்குக் கடல் வடக்கிலும் கிழக்கிலும். வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை பலமாக வீசும் சோளகம் தென்மேற்கிலிருந்து வருவது. அது உங்கள் வீட்டை அடைவதற்கு முன் வடமராட்சியின் வீடுகள், மதில்கள், பனங்கூடல்கள் எல்லாவற்றிலும் முட்டித்தான் வருகிறது. வாடைக்காற்று ஒன்றுதான் உங்களுக்குக் கடலிலிருந்து நேரே வரும். அது கார்த்திகை, மார்கழி, தை என்று சில மாதம். பங்குனி, சித்திரையிலும் ஐப்பசியிலும் இரண்டும் ஓய்ந்து கிடக்கும்.

முட்டி வரும் காற்றுக்கு என்ன ஆகும் என்பது வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலுக்குப் பட்டம் ஏற்றுகிற பொடியன்களுக்கு நன்றாகத் தெரியும். பட்டம் வீட்டு உயரத்தில் நிற்கும்வரை தலையாட்டும், குத்தும், நூல் ஒரு கணம் விறைக்கும், அடுத்த கணம் தொய்யும். ஒருவன் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, இன்னொருவன் நூலோடு ஓடியபடி இருப்பான். பனைத் தலையைத் தாண்டியதும் எல்லாம் மாறிவிடும். நூல் விறைத்தபடி நிற்கும், பட்டத்தில் கட்டிய விண் (காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் நாடா) கூவத் தொடங்கும், நூலை மரத்தில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம், விடியும்வரை கூவிக்கொண்டிருக்கும். காற்றாலைக்கு வேண்டியது அந்த விண் கூவுகிற காற்று. உங்கள் மாடியில் இருப்பது பட்டம் குத்துகிற காற்று. திசை மாறி மாறி அடிக்கும் அந்தச் சுழிக்காற்றில் இறக்கை முகத்தைத் திருப்புவதிலேயே நேரத்தைச் செலவழிக்கும், பெயரிங்குகளும் சீக்கிரம் தேயும்.

எங்கள் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. நூற்றைம்பது மீற்றர் சுற்றுவட்டத்தில் நிற்கும் மிக உயர்ந்த பொருளைவிடப் பத்து மீற்றர் உயரத்தில் இறக்கை இருக்க வேண்டும். இருபது மீற்றர்ப் பனை நின்றால் முப்பது மீற்றர்க் கோபுரம். கோபுரத்தின் செலவு காற்றாலையின் செலவைத் தின்றுவிடும்.

தீவகத்தில் மாடியில் பூட்டிய ஒன்றைப் பார்க்க என்னை அழைத்திருந்தார்கள். காற்றாலை ஓடிக்கொண்டுதான் இருந்தது. கீழ் அறையில் கட்டிலில் உட்கார்ந்தபோது அதன் இரும்புக் கால் வழியே ஒரு நடுக்கம் கையில் தெரிந்தது. அந்த வீட்டு ஆச்சி நித்திரை கொள்ள முடியாமல் பாயை விறாந்தையில் போட்டிருந்தார். மேலே போய்ப் பார்த்தால், குழாயைப் பிடித்திருந்த போல்ற்றுகளைச் சுற்றிக் கொங்கிறீற்றில் மயிரிழை வெடிப்பு. அதற்குள் உப்புக் காற்றும் மழைத் தண்ணியும் இறங்கி, கம்பி துருப்பிடித்து, துரு வெளியே வடிந்திருந்தது. பத்துக் குமிழ் எரிக்கப் போய் வீட்டுத் தட்டைக் கெடுத்துக்கொண்டார்கள். அன்றைக்கே கழற்றச் சொன்னேன்.

கழற்றுவதிலும் ஒரு ஆபத்து உண்டு. சோலர் பலகையின் வயரைக் கழற்றினால் அது பேசாமல் இருக்கும். காற்றாலை அப்படியில்லை. சுற்றிக்கொண்டிருக்கும்போது பற்றறியிலிருந்து பிரித்தால் அதைப் பிடித்து நிறுத்த ஒன்றும் இருக்காது, வேகம் எகிறி இறக்கை உடையலாம். பற்றறி நிறைந்த பிறகு மிஞ்சுகிற மின்சாரத்தை எரித்துவிட ஒரு சூடாக்கியும், சுழற்சியை நிறுத்த ஒரு பிறேக்கும் கட்டாயம் வேண்டும். மலிவாக விற்கிற பெட்டிகளில் பெரும்பாலும் இவை இரண்டும்தான் குறைந்திருக்கும். அப்புறம் புயல். 1964 மார்கழிப் புயலை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. கீழே சாய்த்து இறக்கி வைக்கக்கூடிய கோபுரமில்லாமல் இந்தக் கரையில் ஒரு காற்றாலையும் வைக்கக் கூடாது.

பெரியவை ஏன் சரிவருகின்றன? மன்னார்த் தீவில் மின்சார சபை அமைத்த தம்பபவனி காற்றாலைப் பண்ணை இருக்கிறது. 30 காற்றாலைகள், ஒவ்வொன்றும் 3.45 மெகாவாற், மொத்தம் 103.5. ஒன்றின் குறுக்களவு 126 மீற்றர். மகனுடைய காற்றாலையோடு ஒப்பிட்டால் அது காற்றை மறிக்கிற பரப்பு ஏறத்தாழ நாலாயிரம் மடங்கு. நிற்பதும் தென்மேற்குக் கடலைப் பார்த்த கரையில், சோளகம் எதிலும் முட்டாமல் வந்து விழுகிற இடத்தில். பனைக்கு மேலே பல மடங்கு உயரத்தில் கிடைக்கும் காற்றும் வேறு.

அவைகூடச் சில நேரம் நிற்கும். பளையில் நீங்கள் பார்த்ததற்குப் பல காரணம் இருக்கலாம். காற்று செக்கனுக்கு மூன்று மீற்றருக்குக் கீழே போனால் பெரும்பாலானவை ஓடாது, 25 மீற்றரைத் தாண்டினால் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள நிறுத்திவிடும். திருத்த வேலை இருக்கலாம். பலருக்குத் தெரியாத காரணம் ஒன்று உண்டு. காற்று இருக்கும், மின்சாரம் வாங்க ஆள் இருக்காது. மின்வலையில் ஒவ்வொரு கணமும் போடுகிறதும் எடுக்கிறதும் சமமாக இருக்க வேண்டும். நீராலை, அனல் ஆலைகளின் பாரமான சுழலிகள் ஒரு திடீர் அதிர்ச்சியைச் சில நொடியாவது தாங்கும். இன்வேர்ட்டர் வழியாக வரும் சூரிய மின்சாரத்துக்கும் புதுக் காற்றாலைகளுக்கும் அந்தப் பாரம் இயல்பாக இல்லை. அதனால் தேவை குறைந்த நேரத்தில் இவற்றை நிறுத்தி வைக்க வேண்டி வரும். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. தேவை குறைவு, கூரை எல்லாம் வெயில், அதனால் சோலர் மின்சாரம் நிறைய, பாரமான சுழலிகள் குறைவு. பாணந்துறை உபநிலையத்தில் வந்த ஒரு கோளாறு நாடு முழுவதையும் இருட்டாக்கியது. அந்தச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலர்களைப் பகலில் நிறுத்தி வைக்கச் சொல்லி மின்சார சபையே கேட்டுக்கொண்டது. சேமிக்கப் பெரிய பற்றறிகளும், வடக்கிலிருந்து கொண்டுபோகத் தடித்த கம்பி வழிகளும் வராதவரை காற்று வீசினாலும் நிற்கிற காற்றாலைகளைப் பார்க்கத்தான் செய்வோம்.

மன்னார் மக்களின் கேள்வியையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆயிரக்கணக்கான மைல் பறந்து வரும் பறவைகளின் வழி அது, வங்காலைச் சரணாலயம் பக்கத்திலேயே இருக்கிறது. புதுப் பாதைகள் மழைத் தண்ணி வடிகிற வழியை அடைத்துவிட்டன என்று சனம் சொல்கிறது, 2025இல் தெருவில் இறங்கிப் போராடியும் இருக்கிறது. காற்று மின்சாரத்தை விரும்புகிற நான் அவர்கள் பக்கம்தான் நிற்கிறேன். கோபுரத்தின் நிழலில் வாழப்போகிறவர்களிடம் கேட்காமல் இடம் குறிப்பது பிழை.

சின்னக் காற்றாலைக்கும் இடம் உண்டு. மின்கம்பி போகாத எழுவைதீவில் சோலர், சின்னக் காற்றாலைகள், பற்றறி, டீசல் என்று சேர்த்து வைத்தார்கள். மழைக்கால இருட்டில் சோலர் சோர்ந்தாலும் வாடை கைகொடுக்கும், டீசல் மிச்சமாகும். உங்கள் வீட்டு வாசலில்தான் கம்பி இருக்கிறதே.

நான் சொல்வது சோலர். ஒரு கிலோவாற் பலகை எங்கள் வெயிலில் சராசரியாக நாளுக்கு நாலு யூனிற் தரும். காற்றாலையில் சராசரி 4 மீற்றர்க் காற்றுக்கு, இடைக்கிடை பலமாக அடிப்பதையும் சேர்த்தால், ஒன்றரை யூனிற் வந்தால் பெரிது. இரவுக்கு வேண்டுமென்றால் மகன் அனுப்புகிற காசில் ஒரு பற்றறியையும் சேருங்கள். பற்றறி இல்லாத சோலர் கறண்ட் போனால் தானும் நின்றுவிடும், அதை வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

மனம் கேட்கவில்லையென்றால் ஒரு சோதனை செய்யலாம். நீள மூங்கிலில் ஒரு முழத் துணி நாடாக்களை இரண்டு, நாலு, எட்டு மீற்றர் உயரத்தில் கட்டி மாடியில் நிறுத்துங்கள். வருகிற சோளகத்தில் பத்து நாள் காலை, மத்தியானம், இரவு பாருங்கள். நாடா கிடையாக ஒரே திசையில் நிற்கிறதா, வால் அடித்துச் சுற்றுகிறதா என்று கொப்பியில் எழுதுங்கள். தென்மேற்கில் எத்தனை பனை, எவ்வளவு தூரத்தில் என்பதையும் குறித்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துப் பதில் போடுகிறேன்.