மாமனாரிடமிருந்து ஃபோனைப் பிடுங்கலாமா?

கேள்வி: என் மாமனாருக்கு வயது 76. ஃபோன் அடித்தால் எடுக்காமல் இருக்க மாட்டார். கடன் வேண்டுமா, காப்பீடு வேண்டுமா என்று நாள் முழுக்க வரும் அழைப்புகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். போன வாரம் வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவன் ஓடிபி கேட்டிருக்கிறான். இவரும் முதல் இரண்டு எண்களைச் சொல்லிவிட்டார். நல்லவேளை, நான் ஓடிவந்து ஃபோனை வாங்கி வைத்தேன். "இத்தனை வருஷம் ஆபீஸ் பார்த்த மனுஷனுக்கு இந்த விவரம்கூடத் தெரியாதா?" என்று என் கணவர் ஒரே சத்தம். இனி அவரிடம் ஃபோனே கொடுக்க வேண்டாம் என்கிறார். அப்படிச் செய்யலாமா? இந்தத் தொல்லைக்காரர்களுக்கு ஒரு பாடம் கற்பிக்க வழி உண்டா?
- ஒரு வாசகி

பதில்: பிடுங்காதீர்கள். அந்த வயதில் கூட்டாளிகளோடு பேசுவது, பேரப்பிள்ளைகளின் குரலைக் கேட்பது, அவசரத்துக்கு ஒரு ஆளைக் கூப்பிடுவது எல்லாம் அந்த ஃபோனில்தான் இருக்கிறது. மோசடிக்காரனுக்குப் பயந்து அதை வாங்கி வைத்தால் தண்டனை அனுபவிப்பது உங்கள் மாமனார்தான்.

அதைவிட முக்கியமாக, உங்கள் கணவர் போட்ட சத்தத்தைப் பற்றிப் பேச வேண்டும். மோசடிக்காரர்கள் என்ன வேஷத்தில் வந்தாலும் ஒரு நிபந்தனையை மட்டும் மறக்காமல் போடுவார்கள்: "வீட்டில் யாரிடமும் சொல்லாதீர்கள்." சுங்கத்துறை அதிகாரியாக வந்தால் விசாரணை ரகசியம் என்பார்கள். வங்கி மேலாளராக வந்தால் திருட்டில் வீட்டு ஆளுக்கே பங்கு இருக்கலாம் என்பார்கள். பேரன் குரலில் வந்தால் "அப்பாவுக்குத் தெரிந்தால் என்னைக் கொன்றுவிடுவார் தாத்தா" என்று அழுவார்கள். சொன்னால் திட்டு விழும், மானம் போகும் என்ற பயம் இருக்கிற வீட்டில் இந்தப் பேச்சு சுலபமாக எடுபடும். போன வாரம் உங்கள் மாமனாருக்குக் கிடைத்த பாடம், அடுத்த முறை இப்படி ஏதாவது நடந்தால் மகன் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான். உங்கள் கணவர் அவரிடம் போய் வருத்தம் தெரிவிக்கட்டும். மற்ற ஏற்பாடெல்லாம் அதற்கு அப்புறம்.

விவரம் போதாததால் மாட்டினார் என்பதும் சரியில்லை. மருத்துவர்களும் பேராசிரியர்களும் வங்கியிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களும் ஏமாந்திருக்கிறார்கள். அந்த அழைப்பு எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். அவன் முதலில் முழுப்பெயரைச் சொல்கிறான். கார்டின் கடைசி நான்கு எண்களைச் சொல்கிறான். எங்கோ கசிந்த விவரம் அது, ஆனால் கேட்பவருக்கு நம்பிக்கை வந்துவிடுகிறது. "உங்கள் கணக்கிலிருந்து இந்த நிமிஷம் யாரோ பணம் எடுக்கிறார்கள் சார், தடுக்கட்டுமா?" என்கிறான். அதே நேரத்தில் பணத்தை எடுக்க ஏற்பாடு செய்துகொண்டிருப்பவன் அவன்தான். ஓடிபி வந்து விழுகிறது. எவ்வளவு தொகை, எதற்கு, யாரிடமும் பகிர வேண்டாம் என்பதெல்லாம் பெரும்பாலும் அந்தக் குறுஞ்செய்தியிலேயே எழுதியிருக்கும். முழுக்கப் படித்தால் குட்டு உடைந்துவிடும். அதனால் அவன் படிக்க விடமாட்டான். "அது ரத்து செய்வதற்கான எண் சார், நேரமில்லை, எண்ணை மட்டும் சொல்லுங்கள்" என்று மூச்சு விடாமல் பேசுவான். பதற்றத்தில் இருக்கிற மனிதர், உதவி செய்ய வந்தவன் கேட்டதைச் சொல்கிறார். அவ்வளவுதான் நடந்தது.

ஆகவே வீட்டில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு விதி போதும்: வந்த அழைப்பில் பணம் பற்றி எந்த முடிவும் எடுப்பதில்லை. யாராக இருந்தாலும், எவ்வளவு அவசரமாக இருந்தாலும் "நானே கூப்பிடுகிறேன்" என்று சொல்லி வைத்துவிட வேண்டும். பிறகு கார்டின் பின்பக்கத்தில் அச்சிட்ட எண்ணுக்கு நாமே அழைத்துக் கேட்க வேண்டும். அவன் கொடுத்த எண்ணுக்கு அழைக்கக் கூடாது. இணையத்தில் தேடி எடுத்த எண்ணும் வேண்டாம், வாடிக்கையாளர் சேவை என்ற பெயரில் போலி எண்களை அங்கேயும் பரப்பி வைத்திருக்கிறார்கள். இந்த விதி பெரியவருக்கு மட்டும் என்று வைக்காதீர்கள். உங்கள் கணவருக்கும் உங்களுக்கும் சேர்த்து வையுங்கள். அப்போதுதான் அவருக்கு அது அவமானமாகத் தெரியாது.

திரையில் வங்கியின் எண்ணே தெரிகிறதே என்று கேட்பீர்கள். அதை நம்ப முடியாது. இணையம் வழியாக அழைப்பவர்கள் தாங்கள் விரும்பிய எண்ணைத் திரையில் காட்ட முடிகிறது. அழைப்பு எங்கிருந்து கிளம்பியது என்பதற்கு டிஜிட்டல் கையொப்பம் இடும் முறையைப் பெரிய நிறுவனங்கள் கொண்டுவர வேண்டும் என்று அமெரிக்கா 2021 ஜூன் மாதத்தைக் கெடுவாக வைத்தது. அதற்குப் பிறகும் அங்கே போலி அழைப்பு ஒழியவில்லை. பழைய தொலைபேசி இணைப்புகள் வழியாக வரும் அழைப்புகளில் அந்தக் கையொப்பம் நிற்பதில்லை.

வீட்டில் தரைவழித் தொலைபேசி இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. சில பழைய இணைப்பகங்களில், அழைத்தவர் வைக்காத வரை நாம் வைத்தாலும் இணைப்பு உடனே அறுவதில்லை. "சந்தேகமாக இருந்தால் வைத்துவிட்டு வங்கிக்கு அழையுங்கள்" என்று மோசடிக்காரனே பெருந்தன்மையாகச் சொல்வான். நாம் ரிசீவரை எடுக்கும்போது டயல் ஓசையையும் அவனே ஒலிக்கவிடுவான். நாம் எண்களை அழுத்துவோம், வேறொரு குரலில் "வங்கி, வணக்கம்" என்று மறுமுனையில் அதே கூட்டத்து ஆள் பேசுவான். பிரிட்டனில் இந்த வகையில் நிறைய பேர் பறிகொடுத்தார்கள். அதனால் வேறு ஃபோனிலிருந்து அழைப்பது நல்லது. வேறு ஃபோன் இல்லையென்றால் சில நிமிஷம் பொறுத்து, முதலில் தெரிந்தவர் ஒருவரைக் கூப்பிட்டுப் பாருங்கள். அவர் குரல் கேட்டால் இணைப்பு உங்களுடையதுதான்.

செல்பேசியில் வேறு மாதிரி வருகிறது. "பார்சல் வந்திருக்கிறது, இந்த எண்ணை அழுத்தினால் டெலிவரி ஆளோடு பேசலாம்" என்று ஸ்டார் 21 ஸ்டார் என்று தொடங்கும் குறியீடு ஒன்றைக் கொடுப்பார்கள். ஜிஎஸ்எம் என்ற செல்பேசி வலையமைப்பில் அது, நமக்கு வரும் அழைப்புகளையெல்லாம் அவன் எண்ணுக்குத் திருப்பிவிடும் கட்டளை. வங்கி நம்மை அழைத்து உறுதி கேட்டாலும் அவனே எடுத்து "ஆமாம்" என்பான். அழுத்திவிட்டோமோ என்று சந்தேகம் வந்தால் ஸ்டார் ஹேஷ் 21 ஹேஷ் அழுத்திப் பார்க்கலாம். ஹேஷ் ஹேஷ் 002 ஹேஷ் அழுத்தினால் எல்லாத் திருப்பல்களும் ரத்தாகும். தூரத்தில் இருப்பவர் நம் திரையைப் பார்க்கவும் இயக்கவும் உதவும் எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற செயலிகள் நல்ல வேலைக்காக உண்டானவை. ஆனால் முன்பின் தெரியாதவன் ஃபோனில் சொல்லி இறக்கச் சொன்னால், நம் திரையை அவன் கையில் கொடுக்கிறோம் என்றே அர்த்தம்.

காவல்துறை, நீதிமன்றம் என்று மிரட்டி, வீடியோ அழைப்பிலேயே "கைது" செய்து, நாள்கணக்கில் கேமரா முன்னால் உட்கார வைக்கிறார்கள். உண்மையான காவல்துறை வீடியோவில் கைது செய்யாது, பணத்தைச் "சரிபார்ப்புக்காக" வேறொரு கணக்குக்கு மாற்றச் சொல்லவும் செய்யாது. குரலைப் போலியாக்கும் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதால், அழுகிற பேரன் குரலையும் அப்படியே நம்பக் கூடாது. குடும்பத்துக்குள் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். அவசரம் என்று யார் அழைத்தாலும் அந்தச் சொல்லைக் கேட்க வேண்டும்.

இனி, திருடர்கள் அல்லாத வெறும் தொல்லைக்காரர்கள். விற்பனைக்காக அழைப்பவரிடம் "வேண்டாம், இனி அழைக்காதீர்கள்" என்று சொல்லி வைப்பது மரியாதைக் குறைவு ஆகாது. உங்கள் மாமனார் காரணம் சொல்கிறார், அதுதான் சிக்கல். "இப்போது கையில் பணமில்லை" என்றால் அடுத்த மாதம் மறுபடி கூப்பிடுவார்கள். எடுத்தால் யாருமே பேசாத அழைப்புகளுக்குப் பயப்பட வேண்டாம். இயந்திரம் ஒரே நேரத்தில் பல எண்களை அழைக்கிறது. முதலில் எடுத்தவரோடு பேச அங்கே ஆள் இருக்கிறது, மற்றவர்களுக்கு மௌனம்தான். பதிவு செய்த குரல் "அழைப்பை நிறுத்த 2-ஐ அழுத்துக" என்றால் அழுத்தாதீர்கள், இந்த எண்ணில் ஆள் இருக்கிறது என்று நாமே தெரிவித்ததாகிவிடும். ஒரே ஒரு முறை அடித்து நிற்கும் வெளிநாட்டு எண்ணுக்குத் திருப்பி அழைக்காதீர்கள், அந்த அழைப்புக்கு நமக்கு விழும் அதிகக் கட்டணத்தில் பங்கு பார்ப்பதற்காகவே அப்படி அடிப்பவர்கள் உண்டு.

விளம்பர அழைப்பு வேண்டாம் என்று பதிவு செய்ய இந்தியாவில் 1909 இருக்கிறது, அமெரிக்காவில் 2003 முதல் தேசியப் பட்டியல் இருக்கிறது. பதிவு செய்யுங்கள். சட்டத்துக்குப் பயப்படும் நிறுவனங்களின் அழைப்புகள் குறையும். திருடன் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு அழைப்பதில்லை, அதனால் பதிவு செய்தபின் வருகிற அந்நிய விற்பனை அழைப்பை இன்னும் கூடுதலாகச் சந்தேகப்படலாம். தெரியாத எண்களுக்கு மணி அடிக்காமல் செய்யும் வசதி ஐஃபோனில் 2019 முதல் உண்டு, மற்ற பல ஃபோன்களிலும் உண்டு. மாமனாரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அவருடைய மருத்துவர், நண்பர்கள், உறவினர்கள் எண்களையெல்லாம் பெயரோடு சேமித்துவிட்டு, அப்புறம் அதைப் போடுங்கள். அவருக்குத் தெரியாமல் போடாதீர்கள்.

பாடம் கற்பிக்கக் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அவனோடு வாதாடுகிற ஒவ்வொரு நிமிஷமும் நீங்கள் பேசக்கூடிய ஆள் என்று காட்டுகிறது. இன்னொன்றும் உண்டு. மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இணைய மோசடி வேலையில் கட்டாயப்படுத்தி வைக்கப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் மதிப்பிட்டது. வேலை என்று நம்பிப் போய் அப்படிச் சிக்கி மீண்டவர்களில் தமிழ் இளைஞர்களும் உண்டு. மறுமுனையில் பேசுவது யாரென்று நமக்குத் தெரியாது. இரக்கப்பட்டுப் பேச்சுக் கொடுக்கவும் வேண்டாம், கெட்ட வார்த்தையும் வேண்டாம். வைத்துவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருநாள் பணம் போய்விட்டால் அன்றைக்கு யார் மீது தப்பு என்று ஆராய வேண்டாம். திருட்டுப் பணம் நிமிஷக் கணக்கில் கணக்கு விட்டுக் கணக்கு தாவுகிறது, அதற்குள் மறிக்க வேண்டும். உடனே வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். அடுத்து, மோசடிக்கான உதவி எண்ணை அழையுங்கள்: இந்தியாவில் 1930, மலேசியாவில் 997, சிங்கப்பூரில் 1799. பிரிட்டனில் 159 அடித்தால் பெரும்பாலான வங்கிகளுக்கு நேராக இணைப்பு கிடைக்கும். குறுஞ்செய்தி, அழைப்புப் பட்டியல் எதையும் அழிக்காதீர்கள். சில நாள் கழித்து "உங்கள் பணத்தைக் கண்டுபிடித்துவிட்டோம், கொஞ்சம் கட்டணம் கட்டினால் மீட்டுத் தருகிறோம்" என்று வேறொருவர் அழைக்கக்கூடும். ஏமாந்தவர்களின் பட்டியலையே இந்தக் கூட்டங்கள் விலைக்கு வாங்குகின்றன. அந்த அழைப்பையும் அதே மாதிரி வைத்துவிட்டு, காவல்துறையில் சொல்லிவிடுங்கள்.